சாஸரில் கிடந்த ஐந்து தோட்டாக்கள்

டெல்மர் ஸ்வாஃபோர்டு காலையில் எழுந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்கு முன் துப்பாக்கியைத் தேடுவார். பத்தொன்பது வருட வழக்கம். கால்சட்டை, பெல்ட், பெல்ட்டில் தோல் உறை, உறைக்குள் ஐந்து தோட்டா கொள்ளும் குட்டி ரிவால்வர், எல்லாவற்றையும் மறைக்க ஒரு அளவு பெரிய கட்டம்போட்ட சட்டை. அதற்குப் பிறகுதான் கண்ணாடி, பல்செட், மாத்திரை டப்பா. காது மெஷின் பெரும்பாலும் இழுப்பறையை விட்டு வெளியே வருவதில்லை.

வயது அறுபத்து நாலு. மிசௌரி மாநிலத்தின் தெற்கே, பின்டர் க்ரீக் என்ற சின்ன ஊர். முப்பத்தோரு வருடம் மாட்டுத்தீவன லாரி ஓட்டியவர். தோளுக்கு ஒன்றாக இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்த உடம்பு, ஓய்வு பெற்ற மூன்றே வருடத்தில் சோஃபாவோடு ஒட்டிக்கொண்டது. இடுப்பு நான்கு அங்குலம் பெருத்தது. படி ஏறினால் பாதியில் நின்று, ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனிப்பதுபோல் மூச்சு வாங்குவார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நாற்காலி வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததை ஒருபக்கம் வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு சாமான் இருக்கிறது, அது போதும் என்று இருந்தார்.

கெட்ட மனிதர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. பனி கொட்டினால் தன் வாசலுக்கு முன் அக்கம்பக்கத்து விதவைகளின் வாசலைத்தான் தள்ளிச் சுத்தம் செய்வார். அதனால்தான் பாப்டிஸ்ட் சர்ச்சில் காவல் குழு ஒன்று வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது எல்லாரும் முதலில் அவர் பக்கம் திரும்பினார்கள். நான்கு பேர் குழு. ஞாயிறு காலையும் புதன் மாலை விருந்தின்போதும் முறைபோட்டுப் பக்கவாட்டுக் கதவில் நிற்க வேண்டும். துப்பாக்கி சட்டைக்குள், புன்னகை வெளியே.

எதிர்த்துப் பேசியவர் ஒரே ஒருவர், ஒரின் டீக். பாதைகளுக்குச் சரளைக்கல் அடித்துப் பிழைப்பவர். டெல்மரும் அவரும் முப்பது வருடமாக ஒரே குடிசையில் தங்கி மான் வேட்டைக்குப் போனவர்கள். நவம்பர் மாதச் சபைக் கூட்டத்தில் ஒரின் எழுந்து நின்றார்.

"விருந்துக்குக் கேசரோல் பாத்திரத்தைத் தூக்கிட்டு வர்ற யாரையாவது ஒருநாள் சுட்டுத் தொலைக்கப்போறீங்க. அன்னிக்கு எல்லாரும் சேர்ந்து அழுவோம். அதுக்குப் பதிலா கதவுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கலாம்."

"உனக்குப் பயமா இருந்தா வீட்ல உக்காந்து ரேடியோல பிரசங்கம் கேளு ஒரின்" என்றார் டெல்மர்.

கூட்டம் சிரித்தது. ஒரினுக்கு முகம் சிவந்துவிட்டது. அதன்பின் புதன்கிழமை விருந்துக்கு அவர் வரவில்லை. கடையில் எதிர்ப்பட்டாலும் இருவரும் அலமாரியில் இருக்கும் ஆணிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு கடந்துபோனார்கள்.

குழுவில் சேர்கிறவர்கள் பாபி க்ராண்டலிடம் ஒருநாள் வகுப்பு முடிக்க வேண்டும் என்று சர்ச்சில் விதி. பாபி மாவட்டச் சிறையில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவர். இப்போது தீயணைப்பு நிலையத்தின் மாடியில், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். காலையில் கல்குவாரியில் சுடச் சொல்வார். மதியத்துக்கு மேல் உடம்பும் மனசும். மாடிப்படியை இரண்டு தரம் ஏறி இறங்கச் சொல்லி, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்து, அந்தப் படபடப்பிலேயே ஒரு படத்தைக் காட்டி, "இந்த ஆள் என்ன பண்றான், சொல்லு" என்பார். பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள்.

"தினமும் காலைல உறையை மாட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி" என்பது அவர் பாடம். "தூங்கினியா? சாப்பிட்டியா? என்ன மருந்து குடிச்சிருக்க? யார் மேல கோபமா இருக்க? ஒண்ணு சரியில்லைன்னாலும் அது இன்னிக்குப் பெட்டில கிடக்கட்டும். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறீங்க. அதைத் தூக்கிட்டு நடக்கிற ஆளை எவனும் பார்க்க மாட்டேங்கிறீங்க."

டெல்மர் காலையில் குவாரியில் அருமையாகச் சுட்டார். சாண்ட்விச்சைத் தின்று முடித்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்ட?"

"எனக்கு மூச்சு விடச் சொல்லித்தர வேணாம் பாபி. அறுபத்து நாலு வருஷமா விட்டுட்டுதான் இருக்கேன்."

"படி ஏறும்போது விட்ட மாதிரி தெரியலையே."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். பாபி சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை. பாஸ்டர்தான், "டெல்மர்தானே, பரவாயில்லை" என்று விட்டுவிட்டார்.

மார்ச் மாத ஆரம்பம். டெல்மருக்கு ஒரு வாரமாகச் சளி. மூன்று இரவாகச் சரியான தூக்கமில்லை. தூக்கம் வரவழைக்கும் இருமல் மருந்தை அளவு பார்க்காமல் புட்டியோடு குடித்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் வெறும் துப்பாக்கிப் பயிற்சி. ரிவால்வரின் உருளையைத் திறந்து ஐந்து தோட்டாக்களையும் எடுத்து, வாஷிங் மெஷின் மேல் மனைவி ஒலீட்டா பொத்தான் போட்டுவைக்கும் சாஸரில் வைத்தார். பிறகு டி.வி. முன் நின்று, சட்டையை விலக்கி, துப்பாக்கியை உருவி, வானிலை சொல்லும் பெண்ணின் தலைக்கு மேலே இருந்த மழைமேகத்தைக் குறிபார்த்து விசையை இழுத்தார். டிக். மறுபடி உறை, மறுபடி உருவல், டிக். கைக்கு வேகம் பழக வேண்டும் என்று இதைச் செய்வார்கள். தப்பில்லை. முடிந்ததும் தோட்டாக்களைத் திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான். அன்று நடுவில் இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்கப் போனார். போன இடத்தில் அக்காவிடமிருந்து ஃபோன். பேசி முடித்து வந்து, துப்பாக்கியை உறையில் செருகி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை காது மெஷினைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒலீட்டா சத்தம் போட்டார். இவரும் பதிலுக்குப் போட்டார். அந்தக் கோபத்தில் உறையை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டார். தினமும் உருளையைத் திறந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறவர், அன்று எண்ணவில்லை.

தூங்கவில்லை, சாப்பிடவில்லை, மருந்து குடித்திருக்கிறார், கோபம் வேறு. நாலுக்கு நாலு.

மாலை ஆறு மணிக்குச் சர்ச்சின் பக்கவாட்டுக் கதவில் அவர் முறை. அங்கே இரண்டு கதவுகள். வெளியே கண்ணாடிக் கதவு, உள்ளே மரக்கதவு, நடுவில் கோட்டுகள் மாட்டும் ஒரு குறுகலான அறை. உள்ளே ஹாம் போட்ட பீன்ஸும் சோள ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். டெல்மர் நடு அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரினின் டிரக் வந்து சர்ச்சின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் புல்வெளியில் ஏறி நின்றது. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஒரின் இறங்கினார். கால் பின்னியது. தலையில் தொப்பி இல்லை. வலது கை கோட்டுப் பைக்குள். நேராக டெல்மரைப் பார்த்தபடி வந்தார். பிறகு நடந்ததை வைத்துச் சொன்னால், அவர் யாரையும் பார்க்கும் நிலையில் இல்லை.

நவம்பர் கூட்டமும் அந்தச் சிவந்த முகமும் டெல்மருக்குப் பளிச்சென்று வந்தன. எழுந்தார். முட்டி வலித்தது. நெஞ்சு காதுக்குள் அடித்தது.

"ஒரின்! அங்கயே நில்லு!"

ஒரின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வாய்க்குள் ஏதோ முனகினார்.

"எங்கடா… எங்க அது… நாசமாப் போனது…"

"கையை வெளிய எடு! கையைக் காட்டு!"

பைக்குள் கை புரண்டது. டெல்மருக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. உலகத்தில் வேறு எதுவும் இல்லை. சட்டை விலகியது, துப்பாக்கி கைக்கு வந்தது, அத்தனை சாயங்காலம் பழகியது வீண்போகவில்லை. ஒரினின் கை பையிலிருந்து வெளியே வந்தது. அதில் கறுப்பாக எதுவோ.

டெல்மர் விசையை இழுத்தார்.

டிக்.

ஒரின் முட்டி மடங்கிச் சரிந்தார். கையிலிருந்தது உருண்டு ஓடி மரக்கதவில் முட்டி நின்றது. கறுப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய். சர்க்கரை நோய்க்காரர்கள் சர்க்கரை இறங்கினால் சப்புவதற்கு வைத்திருக்கும் குளுக்கோஸ் மாத்திரை.

சத்தம் கேட்டு மரக்கதவைத் திறந்து முதலில் வந்தவர், விருந்துக்கு வந்திருந்த பாபி. அவர் பார்த்தது இதுதான்: தரையில் ஒரின், பக்கத்தில் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துத் தாழ்த்திப் பிடித்தபடி டெல்மர். பாபி ஒருகணமும் நிற்கவில்லை. மண்டியிட்டு ஒரினின் நெற்றியைத் தொட்டார். சட்டையெல்லாம் ஈரமாக, ஜில்லென்று வேர்த்திருந்தது.

"சர்க்கரை இறங்கிடுச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. யாராவது அந்த கேக் மேல இருக்கிற க்ரீமை வழிச்சுட்டு வாங்க, ஓடுங்க! டெல்மர், அதை உள்ள வை."

க்ரீமை விரலில் எடுத்து ஒரினின் கன்னத்துக்குள் தேய்த்தார். பத்து நிமிடத்தில் ஒரின் கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கறீங்க?" என்றார். அதற்குப் பிறகு ஒரு டம்ளர் இனிப்பு டீ, ஒரு தட்டு பீன்ஸ். மருந்து ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்து வண்டி ஓட்டியிருக்கிறார். சர்ச்சின் விளக்கு வெளிச்சம் தெரிந்து திருப்பியதுவரைதான் ஞாபகம்.

"என்ன நடந்தது டெல்மர்?" என்று பாஸ்டர் கேட்டார்.

"கை பைக்குள்ள இருந்துச்சு. வெளிய எடுன்னு கத்தினேன். எடுத்தான். துப்பாக்கி என் கைல இருந்துச்சு." அங்கே நிறுத்தினார்.

"ஆனா நீங்க சுடலை" என்றார் பாஸ்டர்.

டெல்மர் தலையை ஆட்டினார். இல்லை, சுடவில்லை. உண்மைதானே.

அவ்வளவுதான் தேவைப்பட்டது. மீதியை மற்றவர்களே சொல்லிக்கொண்டார்கள். சந்தேகமான கை, கறுப்புப் பொருள், கையில் துப்பாக்கி இருந்தும் அரை விநாடி பொறுத்தார் பார்! பாஸ்டர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, "எங்கள் பிரதர் டெல்மருக்குக் கொடுத்த நிதானத்துக்காக" ஆண்டவருக்கு நன்றி சொன்னார். கை தட்டினார்கள். ஷெரிஃபின் ஆள் வந்து எழுதிக்கொண்டு, "எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல சார்" என்று கை குலுக்கினார். டெல்மர் கை குலுக்கினார். இன்னும் உள்ளங்கை வேர்த்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வாஷிங் மெஷினிடம் போனார். சாஸரில் வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே ஐந்தும் கிடந்தன. பித்தளை மின்னியது.

ஒலீட்டா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் நடந்ததை யாரோ அவருக்கு ஃபோனில் சொல்லியிருந்தார்கள்.

"மத்தியானமே பார்த்தேன். ஃபோன் பண்ணினேன், நீ எடுக்கல. மெஷினைக் காதுல மாட்டினாத்தானே கேக்கும்." பிறகு குரல் இறங்கியது. "வெத்துத் துப்பாக்கியோட நின்னிருக்க டெல்மர். நிஜமாவே எவனாவது வந்திருந்தா?"

"ம்."

"வெத்துன்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது."

ஒலீட்டா திரும்பிப் போனார். அடுப்பில் எதையோ தள்ளிவைத்தார். திரும்ப வந்தார்.

"தெரியாதுன்னா, வந்ததும் வராததுமா எதுக்கு நேரா இங்க வந்து பார்த்த?"

டெல்மர் தோட்டாக்களைச் சாஸரிலிருந்து அள்ளிக்கொண்டார். அவர் கையில் தோட்டாக்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் வந்தது. நாற்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவருக்கு அந்தச் சத்தமே போதும். ஒலீட்டா கையைத் துணியில் துடைத்தார், காய்ந்திருந்த கையை மறுபடி மறுபடி. "சாப்பாடு எடுத்து வைக்கிறேன்" என்றார். இருவரும் சாப்பிடவில்லை.

அந்த வாரம் ஊரில் டெல்மருக்குக் காபி இலவசமாகக் கிடைத்தது. தீவனக்கடைக்காரர், "வா வா, இரும்பு நரம்புக்காரா!" என்று கூப்பிட்டார். ஒவ்வொரு தடவை யாராவது தோளில் தட்டும்போதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இன்னிக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவார், சொல்லாமல் திரும்புவார். நாள் போகப்போகச் சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டது: செய்தது ஒன்று, செய்ததை மறைத்தது ஒன்று. குளிக்கும்போது தன் ஆள்காட்டி விரலை மற்ற விரல்களிலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். ஒரினுக்குச் சர்க்கரை என்பது அவருக்குத் தெரியாதா? வேட்டைக் குடிசையில் கணப்பு அடுப்புக்கு முன் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதை முப்பது வருடம் பார்த்திருக்கிறார். ஒருமுறை இதேபோல் உளறியபோது, வாயில் தேனை ஊற்றியதே அவர்தான். முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரினே வந்தார். கையில் வெள்ளைத்தாளில் சுற்றிய மான் இறைச்சி சாசேஜ், நாலு பவுண்டு.

"உள்ள வரமாட்டேன், பூட்ஸெல்லாம் சேறு" என்று வாசலிலேயே நின்றார். "நான் பேசத் தெரியாதவன், உனக்கே தெரியும். நவம்பர்ல வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். கைல துப்பாக்கி இருந்தா எவனும் சுட்டுடுவான்னு நெனச்சேன். நீ சுடலை. எனக்கு மூணு பேரக்குழந்தைங்க இருக்குது, டெல்மர். நான் தப்பாச் சொன்னேன்னு கடை கடையா போய்ச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"விடு ஒரின்."

"விடமாட்டேன். பாபி வகுப்புல பேர் குடுத்திருக்கேன், இந்தச் சனிக்கிழமை. குழுவுல ஒரு ஆள் குறையுதாமே. நானும் நிக்கிறேன். உன்கிட்ட கத்துக்கிறேன்." சாசேஜைக் கையில் திணித்துவிட்டு, தோளில் ஒரு குத்து விட்டுப் போனார், பழைய காலத்தில் விடுவதுபோல.

ஒலீட்டா அந்தப் பொட்டலத்தை வாங்கி ஃப்ரீசரில் வைத்தார். நான்கு நாள் கழித்து டெல்மர், "அந்த சாசேஜ்…" என்று ஆரம்பித்தார்.

"அந்த மனுஷன் குடுத்த கறியை என்னால வதக்க முடியாது" என்றார் ஒலீட்டா. "வேணும்னா நீ வதக்கிக்கோ."

வெள்ளிக்கிழமை பாபியிடமிருந்து ஃபோன். "நாளைக்கு மத்தியானம் வந்து பத்து நிமிஷம் பேசு. அந்த ரெண்டு விநாடில உள்ள என்ன ஓடிச்சுன்னு சொன்னாப் போதும். போன தடவை சாண்ட்விச் தின்னுட்டு ஓடினதுக்கு இது அபராதம்."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தார். ஒலீட்டா எதிரில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர்றேன்" என்றார்.

சனிக்கிழமை மதியம் தீயணைப்பு நிலையத்தின் படிகளைக் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். பாதியில் நின்றார். ஜன்னலைப் பார்க்கும் பாவனையெல்லாம் இல்லை, மூச்சுக்காகவே நின்றார். மேலே பதினோரு பேர். எல்லாரும் அப்போதுதான் படி ஏறி இறங்கிவிட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ஒரின், விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூத்தி நாப்பது! இன்னிக்கு யாரும் என் வாயில கேக் தடவ வேணாம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சிரித்தார்கள். டெல்மரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "வந்துட்டாரு பாரு என் ஆளு!"

டெல்மர் முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதைத் திருப்பித் திருப்பி நேராக்கிக்கொண்டிருந்தார். பாபி, கூச்சப்படுகிறார் என்று நினைத்து, தானே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"கதவுல நின்ன. ஒரின் வந்தான். நீ என்ன பார்த்த?"

"கை."

"வேற?"

"கை மட்டும்தான்."

"வேர்த்திருந்ததே, முகம் வெளுத்திருந்ததே?"

"பார்க்கல."

பாபி சாக்பீஸை வைத்துவிட்டு அவரைக் கவனமாகப் பார்த்தார். சிறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருப்பார்.

"அன்னிக்குத் தூங்கியிருந்தியா?"

"இல்ல. மூணு நாளா இல்ல. இருமல் மருந்து குடிச்சிருந்தேன். ஒலீட்டாகிட்டயும் கோபம், இவன்கிட்டயும் கோபம்."

"அப்படியிருந்தும் நிறுத்தின. எது உன்னை நிறுத்திச்சு?"

அவருக்கு ஒரு வழி இருந்தது. ஆண்டவர் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் பதினோரு பேரும் ஆமென் சொல்லியிருப்பார்கள். ஒரின் முன்னால் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி, நல்ல கதை கேட்கும் குழந்தை மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நிறுத்தல" என்றார் டெல்மர். "முதல் நாள் பயிற்சிக்குத் தோட்டாவை எடுத்தேன். திரும்பப் போட மறந்துட்டேன். உள்ள ஒண்ணுமில்ல. இருக்குன்னு நெனச்சுத்தான் இழுத்தேன்."

கீழே தீயணைப்பு வண்டியை யாரோ கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னைக் குறி வச்சா?" என்றார் ஒரின்.

"உன்னை வச்சுதான். நெஞ்சுக்கு."

ஒரின் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார். விரலில் ஒட்டிய ரத்தத்தைத் துடைத்தார். மறுபடி நிமிர்ந்தார்.

"எத்தனை தடவை?"

ஒரு தடவை என்றால் பயம், பதற்றம், கை தவறியது என்று ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளலாம். இதை டெல்மர் ஒலீட்டாவிடம்கூடச் சொன்னதில்லை. தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. முதல் டிக் கேட்டது. ஒரினின் முட்டி மடங்க ஆரம்பித்தது. அப்போதும்.

"ரெண்டு" என்றார்.

ஒரின் எழுந்தார். குளுக்கோஸ் குழாயையும் ரத்தம் பார்க்கும் கருவியையும் நிதானமாகப் பையில் போட்டுக்கொண்டார். கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாக மாட்டினார். கத்துவார், அடிப்பார் என்று டெல்மர் காத்திருந்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. ஒரின் அவரைச் சுற்றிக்கொண்டு, தூரம் விட்டு நடந்து, படி இறங்கிப் போனார்.

பாபி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு, விழுந்து தொலைக்கப்போற" என்றார். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "நூத்தி இருபத்தெட்டு." பிறகு உள்ளங்கையை நீட்டினார். டெல்மர் உறையோடு கழற்றிக் கொடுத்தார். பாபி உருளையைத் திறந்து ஐந்தையும் மேஜையில் கொட்டி எண்ணி, எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் பூட்டினார்.

"வண்டில ஏறு. ஷெரிஃப்கிட்ட நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்." படி இறங்கும்போது ஒன்று மட்டும் சேர்த்துக்கொண்டார். "உனக்கு எல்லாரும் கைதட்டினதுல என் பங்கும் இருக்கு. அன்னிக்கு நானும் உன் துப்பாக்கியத் திறந்து பார்க்கல."

ஷெரிஃப் அலுவலகத்தில் புதிதாக எழுதினார்கள். முதல் தடவை கை குலுக்கிய அதே ஆள்தான் எழுதினார். இம்முறை பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாவட்ட அரசு வழக்கறிஞர் ஒரினைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "வழக்கு வேணாம். அவனைப் பார்க்கவும் வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். வழக்கு போடவில்லை. சர்ச்சின் காவல் குழுவைக் கலைத்தார்கள். கதவுக்கு நல்ல பூட்டு ஒன்று வாங்கினார்கள். டெல்மர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். பழைய ஆட்கள் தலையசைக்கிறார்கள். விதவைகளின் வாசலில் பனி தள்ளப் போனால் இரண்டு பேர், "வேற ஆள் வச்சிட்டோம்" என்றார்கள்.

வருடத்துக்கு நாலு தடவை, பாபி கூப்பிடும் சனிக்கிழமைகளில், தீயணைப்பு நிலையத்தின் மாடி ஏறி அதே கதையைச் சொல்கிறார். ரெண்டு என்பதையும் சொல்கிறார். பழகினால் சுலபமாகும் என்று நினைத்தார், ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதினோரு முகம். காது மெஷினை இப்போது தினமும் போடுகிறார். தினமும் இரண்டு மைல் நடக்கிறார். ஒலீட்டாவும் கூட வருகிறார், அதிகம் பேசுவதில்லை. மான் சாசேஜ் வெள்ளைத்தாளோடு ஃப்ரீசரின் அடியில் உறைந்து கிடக்கிறது. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

ஜனவரியில் ஒருநாள், ஐஸ் மழை தூறிக்கொண்டிருந்தபோது, டெல்மர் தீவனக்கடை வாசலில் வண்டியை விட்டு இறங்கினார். எதிரே ஒரின், உப்பு மூட்டை வாங்க வந்திருந்தார். குளிரில் தோளைக் குறுக்கி, இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். டெல்மரைப் பார்த்தார்.

முகத்தில் கோபம் இல்லை. இரண்டு கையையும் பையிலிருந்து மெல்ல வெளியே எடுத்து, விரல்களை விரித்து, உள்ளங்கை தெரிய உடம்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். டெல்மர் அவரைத் தாண்டிக் கடைக்குள் போகும்வரை அந்தக் கைகள் மழையில் அப்படியே இருந்தன.